எல்லாரும் ‘பங்காளி’ அல்லர்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், மலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வரும் வடகிழக்கு மக்களைப் பற்றிய பதிலில் ‘கோச்’ என்ற பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தேவிகுளத்திலிருந்து களியக்காவிளை வரை கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) அசாம், வடக்கு வங்காளப் பக்கத்துக் குடும்பங்கள் ஏழு இருக்கின்றன. மலையாளிகள் அவர்களை மொத்தமாகப் ‘பங்காளி’ என்கிறார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஆனால் ஒருவர் தன்னைக் கோச் என்கிறார், இன்னொருவர் ராஜவம்சி என்கிறார், மூன்றாமவர் ‘கோச் ராஜவம்சி’ என்கிறார். எதுதான் சரி?
– தேயிலைத் தோட்ட சூப்பர்வைசர், தேவிகுளம்

மூன்றும் சரி. ‘பங்காளி’ மட்டும்தான் தப்பு.

மலையாளத்தில் அந்தச் சொல் வங்காளியைக் குறிக்கிறது. தமிழ்க் காதுக்கோ அது அப்பன் வழிச் சொத்தில் பங்குள்ளவன். இந்த இரண்டாவது அர்த்தம் ஏன் கோச் மக்களிடம் இன்னும் வேடிக்கையாகிறது என்பதை மூன்றாவது கேள்வியில் பாருங்கள்.

கோச் என்பது முதலில் ஒரு பழங்குடியின் பெயர். மேகாலயாவின் மேற்கு காரோ மலை, தென்மேற்கு காரோ மலை மாவட்டங்களிலும், அசாமின் கோவால்பாரா பக்கத்திலும், எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தின் ஷேர்பூர் பகுதியிலும் கோச் மொழி பேசும் ஊர்கள் இருக்கின்றன. திபெத்திய–பர்மியக் குடும்பத்தில் போடோ–காரோ கிளையைச் சேர்ந்தது அந்த மொழி. ராபாவும் காரோவும் அதற்கு உறவு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் கோச் மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 36 ஆயிரம் பேர் அளவுதான். அவர்களுக்குள்ளும் தின்தெகியா, வானாங், ஹரிகாயா, மார்கன், சாப்ரா, சங்கர் என்று பிரிவுகள் உண்டு. தின்தெகியாக்கள் மொழியை விடாமல் வைத்திருக்கிறார்கள். வேறு சில பிரிவுகள் வங்காளத்துக்கும் அசாமியத்துக்கும் நெருக்கமான பேச்சுக்கு மாறிப் பல தலைமுறை ஆகிவிட்டது.

சமவெளியில் நடந்தது வேறு கதை. 1515 வாக்கில் பிஸ்வ சிங்கன் காமதா நாட்டில் (இன்றைய கூச் பிகார் பக்கம்) கோச் அரசை நிறுவினான். அவன் மகன் நரநாராயணன் 1540 முதல் 1587 வரை ஆண்டான். தம்பி சிலாராய் அவனுக்குப் படைத்தளபதி. அரசு வளர வளர, சமவெளி மக்கள் இந்து வழக்கத்துக்கும் இந்தோ–ஆரியப் பேச்சுக்கும் மாறினார்கள். ராஜவம்சி என்ற பெயர், அதாவது அரச வம்சத்தார் என்ற பெயர், அங்கே வேர்விட்டது. ராஜவம்சித் தலைவர் பஞ்சானன் பர்மா 1910இல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் ரங்கபூரில், க்ஷத்திரிய சமிதியைத் தொடங்கியபோது அவர் வைத்த கோரிக்கையே, ராஜவம்சிகளைக் கோச்சுகளோடு சேர்த்து எழுதாதீர்கள், தனியாக க்ஷத்திரியர் என்று எழுதுங்கள் என்பதுதான். அசாமிலோ இன்று இரண்டையும் சேர்த்துக் ‘கோச் ராஜவம்சி’ என்பதே வழக்கம். ஆகவே வடக்கு வங்காளத்தின் கூச் பிகார்க்காரரைக் ‘கோச்’ என்று கூப்பிட்டால் அவர் முகம் சுளிக்கலாம். காரோ மலைக்காரரை ‘ராஜவம்சி’ என்றால் அவருக்கு அது ஒட்டாது.

ஊர் எது, வீட்டில் என்ன பேச்சு என்று இரண்டு கேள்வி கேளுங்கள். நெல்லுக்கும் சோற்றுக்கும் ‘மாய்’, வீட்டுக்கு ‘நோக்’ என்று வந்தால் அது மலைப்பக்கக் கோச் பேச்சு. ‘பாத்’, ‘பாரி’ என்று வந்தால் ராஜவம்சி அல்லது காமதாபுரி என்று சொல்லப்படும் சமவெளிப் பேச்சு. அதை வங்காளத்தின் கொச்சை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேற்கு வங்கம் 2018இல் ராஜவம்சியையும் காமதாபுரியையும் ஆட்சி மொழிப் பட்டியலில் சேர்த்தது.

கோச்சுக்கும் நம்ம கொச்சிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– வாசகர், புளியரை

இல்லை. ரயில் கோச்சுக்கும் இல்லை.

அவர்களில் சிலருக்கு அம்மா வழியில்தான் குலம் என்று கேள்விப்பட்டேன். எங்கள் நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மாதிரியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தோவாளை

பாதி மாதிரி. நுணுக்கத்தில் வேறு.

காரோ மலைக் கோச் மக்களின் குலத்துக்கு ‘நிகினி’ என்று பெயர். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பல நிகினிகள். பிள்ளை ஆணானாலும் பெண்ணானாலும் தாயின் நிகினியைத்தான் சேரும். ஒரே நிகினிக்குள் கல்யாணம் கிடையாது. அவர்கள் உடன்பிறந்தார் முறை. நம் பக்கம் அக்கா மகளைக் கட்டுவது உரிமை. அவர்கள் கணக்கில் அக்கா மகள் மாமனின் நிகினியிலேயே பிறந்தவள், அதனால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. முன்பு மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய் இருப்பது பெருவழக்கு. இப்போது பெண் புகுந்த வீட்டுக்குப் போவதும் நடக்கிறது.

மருமக்கள் வழியில் சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு இறங்கும். கட்டிய மனைவியும் பெற்ற பிள்ளையும் ‘உகந்துடைமை’ என்று ஒரு துண்டு கேட்டு வழக்காட வேண்டியிருந்தது. 1926இல் திருவிதாங்கூர் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொண்டுவந்த பிறகே மக்கள் வழி வந்தது. கோச்சுகளிடம் கதையின் நடுவில் மாமன் இல்லை, தாய் இருக்கிறாள். தாய் வழியாகக் குலப்பெயர் இறங்குகிறது என்பதே கெட்டியான பகுதி. நிலம் பிரிக்கையில் இன்று மகனுக்கும் மகளுக்கும் பங்கு வைக்கும் வீடுகள் ஏராளம்.

சமவெளி ராஜவம்சிகளுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவர்களுக்குத் தந்தை வழிதான். ஆக, தமிழ் அர்த்தத்தில் ‘பங்காளி’ ராஜவம்சிக்கு உண்டு. மலைக்கோச்சுக்குப் பங்காளி என்றால் அது சித்தி மகனும் பெரியம்மா மகனும்தான்; சித்தப்பா மகன் கணக்கில் வரமாட்டான்.

பக்கத்து வாடகை வீட்டில் கூச் பிகார் குடும்பம். கருவாட்டை எதோடோ இடித்து வடை மாதிரித் தட்டிக் காயவைக்கிறார்கள். வாசம் தெருமுனை வரை. சுட்டுத் துவையலாகக் கொடுத்தார்கள், ருசி விடவில்லை. எப்படிச் செய்வது?
– இல்லத்தரசி, களியக்காவிளை

அது சிதல். திரிபுராவிலும் இதே பெயரில் ஒன்று உண்டு. அது முழு மீனை எண்ணெய் ஊறிய மண்பானையில் அடைத்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பது. ராஜவம்சிச் சிதல் இடித்துக் காயவைப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் செய்முறை கெட்டுவிடும்.

அங்கே குளம் வற்றும் பனிக்காலத்தில் கிடைக்கும் சின்னக் கெண்டைதான் மீன். உங்கள் பக்கம் பரல் என்பீர்களே, அதே இனம். உப்புப் போடாமல் வெயிலிலேயே காய்ந்ததாக இருக்க வேண்டும். கடைக் கருவாட்டில் உப்பு ஏறியிருக்கும். அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் உருண்டை காயவே காயாது. உப்பில்லாத நெத்திலி கிடைத்தால் அதுவும் ஆகும்.

அரை கிலோ காய்ந்த மீனுக்கு முக்கால் கிலோ பச்சைச் சேம்புத் தண்டு. மீனின் தலையையும் குடலையும் நீக்கி, இன்னொரு நாள் வெயிலில் போட்டு, கையில் ஒடித்தால் ‘படக்’ என்று ஒடியும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உரலில் இடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். மிக்ஸி சூடாகி மீனின் எண்ணெயைக் கசியவிடும், அதனால் உரலே நல்லது. தண்டைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு தோல் உரித்து நறுக்கி, அரைநாள் வெயிலில் வாடவிட்டுத் தனியாக இடியுங்கள். கழுவிய ஈரத்தோடு இடித்தால் கூழாகிவிடும். பிறகு இரண்டையும் சேர்த்து, 50 கிராம் பூண்டு, இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூள், நாலைந்து வற்றல் மிளகாய், இரண்டு தேக்கரண்டி வாழைக் காரத் தண்ணீர் (அடுத்த பதிலில் செய்முறை) விட்டு மறுபடி இடிக்க வேண்டும். கையில் கடுகெண்ணெய் தடவி எலுமிச்சை அளவு உருட்டி, அழுத்தித் தட்டையாக்குங்கள். தடிமன் அரை அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். மேலே மஞ்சளும் கடுகெண்ணெயும் பூசி, ஏழிலிருந்து பத்து நாள் வெயில்.

கெடுவது பெரும்பாலும் முதல் இரண்டு நாளில்தான். ஈரமாக இருக்கும்போதே ஈ முட்டை வைத்துவிடும். நாலாம் நாள் புழு. கொசுவலை போட்டு மூடாமல் வெளியே வைக்காதீர்கள். சாயங்காலம் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். வெளியே கல்லாகக் காய்ந்திருந்தாலும் நடுவில் ஈரம் நிற்கும். ஒன்றை உடைத்துப் பாருங்கள். நடுவிலும் ஓரத்திலும் ஒரே நிறம் வந்தால்தான் ஜாடிக்குள். ஈரத்தோடு அடைத்தால் வெள்ளைப் பூசணம் பூக்கும். அப்படி ஆனதைத் தட்டிவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். உங்கள் ஊரில் தை, மாசி தவிர வேறு மாதத்தில் இறங்காதீர்கள். சாரலில் செய்த சிதல் நாய்க்குக்கூட ஆகாது.

தொண்டை அரிப்பு இன்னொரு வம்பு. சேம்புத் தண்டில் ஊசி ஊசியாக ஆக்சலேட் படிகங்கள் உண்டு, காய்ந்தாலும் அவை போகாது. கறிக்கு ஆகும் சேம்பை மட்டும் எடுங்கள், ஓடையோரக் காட்டுச் சேம்பு வேண்டாம். சாப்பிடுமுன் கனலில் நன்றாகச் சுட்டோ கீரையோடு கொதிக்கவிட்டோதான் சாப்பிட வேண்டும். சுட்டதைப் பச்சை மிளகாய், பூண்டு, வெங்காயம், கொஞ்சம் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்தால், நீங்கள் ருசித்த அதே துவையல்.

வாழைத்தோலைக் கரித்து அந்தச் சாம்பல் தண்ணீரில் சமைக்கிறார்கள். நேந்திரன் தோலில் செய்யலாமா?
– வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

செய்யலாம், ஆனால் மொந்தன் மேல். அவர்கள் எடுப்பது கொட்டை நிறைந்த நாட்டு வாழை. மொந்தன் அதற்கு நெருங்கிய சொந்தம். சாம்பல் தண்ணீருக்கும் அதில் வெந்த குழம்புக்கும் ராஜவம்சிகள் வைத்திருக்கும் பெயர் ஒன்றே: செகா. அசாமில் ‘கார்’ என்பார்கள். நம் ‘காரம்’தான் அது. மிளகாயின் உறைப்பை அல்ல, அப்பளக்காரத்தில் வரும் காரத்தைச் சொல்கிறேன்.

முப்பது காயின் தோல், அல்லது தண்டும் கிழங்கும் ஒரு முறம். நொறுங்கும் அளவு காயவைத்து, சுத்தமான இரும்புத் தகட்டில் வைத்து வெந்த சாம்பலாகும் வரை எரியுங்கள். வேறு விறகோ காகிதமோ கலக்கக் கூடாது. ஒரு டம்ளர் சாம்பலுக்கு நாலு டம்ளர் தண்ணீர் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் கலக்காமல் துணியில் வடியுங்கள். பழைய முறையில், கண் திறந்த கொட்டாங்கச்சியில் வைக்கோல் அடைத்து அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். தேன் நிறத்தில் தண்ணீர் வரும். சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சிட்டிகை மஞ்சள்தூளில் ஒரு சொட்டு விடுங்கள். ஆரத்தித் தண்ணீர் மாதிரிச் சிவந்தால் காரம் இறங்கிவிட்டது. மஞ்சளாகவே நின்றால் சாம்பல் போதவில்லை. கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். அலுமினியத்தை இது அரித்துவிடும்.

அரைக் கிலோ பச்சை ஓமக்காய்க்கோ (பப்பாளிக்காய்) கீரைக்கோ இரண்டு தேக்கரண்டி போதும். கூடினால் சோப்பு வாடை அடிக்கும். முருங்கைக் கீரை, சேம்பிலை, சணல் கீரை எல்லாவற்றையும் பச்சை மிளகாயோடு இதில் குழைய வேகவைத்தால் அதுதான் பெல்கா; எண்ணெய் ஒரு சொட்டுக்கூடத் தேவையில்லை. சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் கார்பனேட் நாரைக் குழைத்துப் பச்சை நிறத்தையும் காப்பாற்றுகிறது. நம் பெண்கள் இதைச் செய்து சொதப்புவது ஒரே இடத்தில்தான்: கைப்பழக்கத்தில் கொஞ்சம் புளி விட்டுவிடுவார்கள். புளிப்பு விழுந்த நிமிடமே காரம் செத்துவிடும். அப்புறம் அது வெறும் கீரை மசியல். தினமும் செய்யவும் வேண்டாம், காரத்தில் வெந்த கீரையில் சில வைட்டமின்கள் அழிந்துபோகும்.

கூச் பிகாரிலிருந்து வந்த வேலையாள் ஜூன் கடைசியில் மூன்று நாள் மண்ணில் மண்வெட்டி போடமாட்டேன் என்கிறார். கார் நெல்லுக்கு உழவு நடக்கும் நேரம். இது சாக்கா, சடங்கா?
– விவசாயி, செங்கோட்டை

சடங்குதான். பெயர் அம்புபாச்சி, ராஜவம்சிப் பேச்சில் ஆமாதி. வங்காள ஆஷாட மாதம் 7ஆம் தேதி, அதாவது ஜூன் 22ஐ ஒட்டித் தொடங்குகிறது. பூமித்தாய் அந்த நாள்களில் தூரமாக இருக்கிறாள் என்பது நம்பிக்கை. உழவு, தோண்டுதல், விதைப்பு எதுவும் கூடாது. குவாஹாத்தி காமாக்யா கோயிலும் மூன்று நாள் நடைசாத்தி அதன் பிறகே திறக்கும். இன்று நாம் பார்க்கும் அந்தக் கோயிலை 1565இல் எடுப்பித்தது கோச் அரசன் நரநாராயணன்தான். தேவி ஆடுவதை ஒளிந்து பார்த்த குற்றத்துக்காக அவன் வம்சம் அந்த மலையை ஏறிட்டும் பார்க்கக் கூடாது என்று சாபம் உண்டென்பது அங்கே சொல்லப்படும் கதை.

செங்கோட்டைக்காரருக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் செங்ஙன்னூர் பகவதிக்குத் திருப்பூத்து, அதாவது தேவி தூரமாகும் சடங்கு, நடக்கிறது. மகர மாதக் கடைசியில் பாலக்காட்டு வயல்களில் உச்சாரல் என்று பத்தாயத்தைத் திறக்காமல், மண்ணைத் தொடாமல் இருந்ததும் இதே நம்பிக்கையால்தான். அந்த மூன்று நாளும் வரப்புப் புல் அறுக்க, மூட்டை தூக்க, மருந்து தெளிக்கச் சொல்லிப் பாருங்கள். மண்ணைக் கிளறாத வேலைக்கு அவர் மறுக்க வாய்ப்பில்லை. அடுத்த வருஷம் தேதியை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் சண்டையே வராது.

மழை பெய்யாவிட்டால் பெண்கள் ராத்திரியில் ஏதோ பூஜை செய்வார்களாமே?
– வாசகர், கம்பம்

ராஜவம்சிப் பெண்களின் ஹுதும் தேவ் பூஜை. ஊருக்கு வெளியே வயலில், இருட்டில், ஆண் வாடையே இல்லாமல், ஆடை களைந்து செய்யும் மழைச் சடங்கு. வாழைக்கன்றை நட்டு அதையே மழைத்தெய்வமாக வைத்து, பாட்டும் ஆட்டமுமாக, பெண்களே ஏர் பிடித்து உழுவது போலச் செய்வார்கள். பாட்டில் பச்சையான வசை நிறைய இருக்கும். தெய்வத்தைக் கூச்சப்படுத்தி இறங்க வைப்பதுதான் உத்தி. நம் பக்கம் கொடும்பாவி கட்டி இழுத்து ஒப்பாரி வைத்ததும் வானத்துக்கு இரக்கமோ வெட்கமோ வரட்டும் என்றுதானே. கேள்வி கேட்டவர் ஆண் என்பதால் ஒரு வார்த்தை: இதைப் பற்றி அங்கத்திய ஆண்களிடம் கேட்டுப் பயனில்லை, அவர்கள் பார்த்திருக்க முடியாது. பெண்களிடம் கேட்பது மரியாதையில்லை.

அவர்கள் விழாவில் பெண்கள் சேலை கட்டாமல் மார்புக்கு மேல் ஒரே துணியைச் சுற்றியிருந்தார்கள். அது என்ன?
– ஜவுளிக்கடைக்காரர், பொள்ளாச்சி

படானி. ராஜவம்சிப் பெண்கள் உடுத்தும் தைக்காத ஒற்றைத் துணி. மார்புக்கு மேல் சுற்றி, நுனியை உள்ளே செருகி, முழங்காலுக்குக் கீழே வரை இறங்கும். நம் பாட்டிமார் ஆற்றில் குளிக்கும்போது கட்டிய குறுக்குக்கட்டின் அதே தொழில்நுட்பம், ஆனால் படானி வெளியே உடுத்துவதற்கானது. கோடு போட்ட கைத்தறி. லுங்கித் துணியை வெட்டிப் ‘படானி’ என்று விற்கலாமா என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள்; தொட்டுப் பார்த்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிடும். ராஜவம்சிப் பெண்கள் சணல் நூலை இடுப்புத் தறியில் நெய்து, குறுகிய பட்டைகளாக எடுத்து, பட்டைகளை ஒட்டவைத்துத் தைத்துச் செய்யும் தோக்ரா பாய்க்கு உங்கள் கடையில் இடம் கொடுத்தால் அது விலைபோகும்.

எங்கள் பள்ளியில் சேர்ந்த அசாம், மேகாலயாப் பிள்ளைகளுக்கு எந்தச் சாதிப் பிரிவு என்று பதிவது?
– பள்ளி எழுத்தர், பீர்மேடு

பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், சொந்த மாநிலத்தைப் பாருங்கள். மேகாலயாவில் கோச் பழங்குடியினர் பட்டியலில் 1987இல் சேர்க்கப்பட்டது. அசாமில் கோச் ராஜவம்சி இதர பிற்படுத்தப்பட்டோர். பழங்குடி அந்தஸ்து கேட்டு நெடுநாளாகப் போராடுகிறார்கள். மேற்கு வங்கத்தில் ராஜவம்சி அட்டவணைச் சாதி. ஒரே மக்கள், மூன்று மாநிலம், மூன்று பட்டியல். சொந்த மாநிலச் சான்றிதழில் உள்ளதை அப்படியே பதியுங்கள். வேலைக்காகக் குடிபெயர்ந்து வந்தவருக்கு, வந்த மாநிலத்தின் இட ஒதுக்கீடு பழங்குடி, அட்டவணைச் சாதிச் சான்றிதழ் இருந்தாலும் கிடைக்காது. மத்திய அரசுச் சலுகைகளுக்கு அந்தச் சான்றிதழ் செல்லும். பெற்றோரிடம் இதைச் சேர்க்கையின்போதே சொல்லிவிடுவது நல்லது. பிளஸ் டூ முடித்த பிறகு சொன்னால் கண்ணீர்தான்.

ராத்திரி லயத்தில் ஒருவர் பாடுகிறார். குரல் நடுவில் உடைந்து உடைந்து போகிறது. தொண்டை சரியில்லையா, பாட்டே அப்படியா?
– வாசகி, ஆரியங்காவு

பாட்டே அப்படி. அது பாவையா. நீட்டி இழுக்கும் சுரத்தின் நடுவில் குரலை வேண்டுமென்றே ஒடித்து மேல் ஸ்தாயிக்குத் தாவவிட்டுத் திரும்ப இறக்குவது அதன் உயிர். மேடுபள்ளத்தில் மாட்டுவண்டி குலுங்கியபோது வண்டிக்காரன் குரல் ஒடிந்தது, அதுவே பாணியாகிவிட்டது என்று அந்த ஊரில் சொல்வார்கள். பாடுபவர்கள் வண்டிக்காரர், எருமை மேய்ப்பவர், யானைப் பாகன். பாட்டுக்குள் பேசுபவள் பெரும்பாலும் வீட்டில் காத்திருக்கும் பெண். வேகமான, கேலி கலந்த வகைக்குச் சட்கா என்று பெயர்.

கூட வாசிப்பது தோதாரா. ‘இரு தந்தி’ என்று பெயர், ஆனால் நாலோ ஐந்தோ தந்தி கட்டியிருக்கும். கூச் பிகாரில் பிறந்த அப்பாஸுதீன் அகமது (1901–1959) இசைத்தட்டில் பாடித்தான் பாவையா கல்கத்தா வரை போனது. அசாம் பக்கத்துப் பாகன் பாட்டுகளுக்குக் கௌரிபூரின் பிரதிமா பருவா பாண்டே (1934–2002) பேர்போனவர். குரல் ஒடியும் இடத்தைக் கவனியுங்கள். எப்போதும் ஒரே மாதிரிச் சொல்லில், பெரும்பாலும் ‘ஓ’, ‘ரே’ என்ற விளியில்தான் ஒடியும். தொண்டை கெட்டவனுக்கு அப்படி இடம் பார்த்து ஒடியாது.